ஏசி ஃபில்டர்: எண்ணுக்கு முன்னால் பரப்பளவு

இந்த வீட்டுக்கு வந்த முதல் குளிர்காலத்தில், வீட்டைச் சூடாக்கும் எங்கள் ஃபர்னஸ் ஆறேழு நிமிடம் எரியும், பிறகு நெருப்பு அணைந்துவிடும். ப்ளோவர், அதாவது காற்றைத் தள்ளும் விசிறி, மட்டும் ஆறிப்போன காற்றைத் தள்ளிக்கொண்டே இருக்கும். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி எரியும், மறுபடி அணையும். காலையில் அம்மா போர்வையை விலக்காமலே, "ராத்திரி பூரா சில்லுன்னு இருந்துச்சுடா, மெஷின் ஓடுற சத்தம் மட்டும் கேட்டுக்கிட்டே இருந்துச்சு" என்றார்.

அம்மாவுக்கு 71 வயது, ஆஸ்துமா உண்டு. அவருக்காகத்தான் நான் ஃபர்னஸுக்குள் போகும் காற்றை வடிகட்டும் ஃபில்டரை மாற்றியிருந்தேன். ஒரு அங்குலத் தடிமனில் கிடைத்ததிலேயே, வடிகட்டும் திறனைக் காட்டும் எண் பெரிதாகப் போட்டதை வாங்கி மாட்டினேன். எண் பெரிதாக இருந்தால் காற்று சுத்தமாக இருக்கும் என்ற கணக்கு எனக்கு. பார்க்க வந்த மெக்கானிக் திருப்புளியைக்கூடக் கையில் எடுக்கவில்லை. ஃபில்டரை உருவிச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு, ஃபர்னஸைப் போட்டு இருபது நிமிடம் அங்கேயே நின்றார். ஒருமுறைகூட அணையவில்லை.

நடந்தது இதுதான். நெருப்பின் சூட்டை வாங்கிக் காற்றுக்குக் கொடுக்கும் உலோக அறையின் மேல் போதிய காற்று ஓடவில்லை. சூடு அங்கேயே தேங்கியது. அளவுக்கு மீறிச் சூடானதும் லிமிட் சுவிட்ச் நெருப்பை நிறுத்தியது. பாதுகாப்புக்காக இருக்கும் சுவிட்ச் தன் வேலையைச் சரியாகச் செய்தது. ஆனால் நாள் முழுக்க இப்படிச் சூடாகிச் சூடாகி ஆறினால் அந்த உலோகம் சில வருடங்களில் விரிசல் விடும் என்று அவர் சொன்னார். கோடையில் இதே தவறு வேறு மாதிரி வரும். குளிர்விக்கும் காயிலின் மேல் காற்று குறைந்தால் காயில் உறைநிலைக்குக் கீழே போய், அதன் மேல் படியும் ஈரம் பனிக்கட்டியாகிவிடும். பனி மூடிய காயில் வழியே காற்று இன்னும் குறையும். கடைசியில் ஏசி ஓடும், வீடு குளிராது.

அன்றிலிருந்து ஃபில்டர் விஷயத்தில் நான் கற்றதை எல்லாம் இங்கே எழுதுகிறேன். மைய ஏசி, ஃபர்னஸ், ஹீட் பம்ப் (குளிர்விக்கவும் சூடாக்கவும் செய்யும் இயந்திரம்) என்று டக்ட், அதாவது காற்றுக் குழாய், வழியாக வீடு முழுக்கக் காற்றை அனுப்பும் இயந்திரம் வைத்திருப்பவர்களுக்காக இது. சுவரில் மாட்டும் ஸ்ப்ளிட் ஏசி பற்றிக் கடைசிப் பக்கம் கொஞ்சம் உண்டு.

முதலில் ஃபில்டர் எங்கே இருக்கிறது என்று தேடுங்கள்

சிரிக்க வேண்டாம், இதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். ஃபில்டர் இருக்கும் இடம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. வீட்டுக் காற்றை உள்ளே இழுக்கும் பெரிய கிரில்லுக்குப் பின்னால், அதாவது சுவரிலோ கூரையிலோ. இல்லையென்றால் இயந்திரத்துக்குள் ரிட்டர்ன் டக்ட், அதாவது வீட்டுக் காற்றைத் திரும்பக் கொண்டுவரும் குழாய், நுழையும் இடத்தில் ஒரு ஒடுக்கமான பள்ளத்தில், மெல்லிய தகர மூடிக்குப் பின்னால்.

ஒன்றைக் கண்டுபிடித்ததும் நிறுத்திவிடாதீர்கள். எல்லா ரிட்டர்ன் கிரில்களையும் திறந்து பாருங்கள். எங்கள் வீட்டில் ஃபர்னஸ் பள்ளத்தில் ஒன்று இருந்தது. மாடி நடைவழியின் கூரைக் கிரில்லுக்குள் இன்னொன்று இருந்தது. முன்பு குடியிருந்தவர்கள் மாட்டி மறந்தது. எடுத்தபோது கம்பளி விரிப்பு போலக் கனமாக, சாம்பல் நிறத்தில் தொங்கியது. ஒரே காற்று இரண்டு ஃபில்டர்களைத் தாண்டிப் போகிறது என்றால் தடையும் இரண்டு மடங்கு. காற்றின் ஒவ்வொரு பாதைக்கும் ஒரு ஃபில்டர் போதும். எது பெரியதோ, எது கைக்கு எட்டுமோ அதை வைத்துக்கொண்டு மற்றதை எடுத்துவிடுங்கள்.

அளவு

ஃபில்டரைச் சுற்றியுள்ள சட்டத்தின் ஓரத்தில் 16 × 25 × 1 என்பது போல அச்சிட்டிருக்கும். இது பெயரளவு. உண்மையில் அளந்தால் ஒவ்வொரு பக்கமும் கால் அல்லது அரை அங்குலம் குறைவாக இருக்கும். ஒரு அங்குலம் என்று சொல்லும் தடிமன் முக்கால் அங்குலம்தான் இருக்கும். பள்ளத்துக்குள் சிக்காமல் நுழைவதற்காக இப்படி. ஆகவே டேப் வைத்து அளந்து 15½ × 24½ என்று வந்தால் அப்படி ஒன்றைத் தேடி அலைய வேண்டாம், 16 × 25 கேட்டால் கிடைக்கும். சில நிறுவனங்களின் தடிமனான ஃபில்டர்கள் மட்டும் இந்தப் பொது அளவுகளுக்குள் வராது. அவற்றுக்கு இயந்திரத்தின் மாடல் எண்ணைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். ஏற்கெனவே உள்ளே இருக்கும் ஃபில்டரின் அளவை அப்படியே நம்பிவிடவும் கூடாது. முன்பு இருந்தவர் தவறான அளவை நுழைத்து வைத்திருக்கலாம். பள்ளத்தையும் ஒருமுறை அளந்துவிடுங்கள்.

பரப்பளவுக் கணக்கு

எனக்கு இது முதல் நாளே தெரிந்திருந்தால் அம்மா அந்த இரவுகளில் நடுங்கியிருக்க மாட்டார். கணக்கு எளிது. ஒரு காகிதம் எடுத்துக்கொள்ளுங்கள்.

குளிர்விக்கும் இயந்திரத்துக்கு ஒரு டன்னுக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 400 கன அடி காற்று வேண்டும். எங்களுடையது 3 டன், ஆக 1200 கன அடி. இந்தக் காற்று முழுவதும் ஃபில்டரைத் தாண்டித்தான் போக வேண்டும். எங்கள் பழைய ஃபில்டர் 16 × 25, அதாவது 400 சதுர அங்குலம். 144ஆல் வகுத்தால் 2.78 சதுர அடி. 1200ஐ 2.78ஆல் வகுத்தால் 432 வரும். நிமிடத்துக்கு 432 அடி வேகத்தில் காற்று அந்தக் காகித மடிப்புகளைத் துளைத்துப் போகிறது என்று பொருள்.

ஒரு அங்குல மடிப்பு ஃபில்டருக்கு அந்த வேகம் 300 அல்லது அதற்குக் கீழே இருப்பது நல்லது. 1200 கன அடிக்கு 300 என்றால் 4 சதுர அடி வேண்டும். 24 × 24 ஃபில்டர் சரியாக 4 சதுர அடி. மனதில் வைத்துக்கொள்ள ஒரு எளிய வழி: ஒரு டன்னுக்கு 200 சதுர அங்குலம். உங்கள் ஃபில்டரின் நீளத்தையும் அகலத்தையும் பெருக்கி, டன்னால் வகுத்துப் பாருங்கள். 200க்கு வெகு கீழே வந்தால் அடர்த்தியான ஃபில்டரை அந்த இடத்தில் போடாதீர்கள், பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும் சரி.

பிறகு ஒரு சின்ன மானோமீட்டர் வாங்கினேன். இரண்டு மெல்லிய ரப்பர் குழாய்கள்; ஒன்று ஃபில்டருக்கு முன்னால், மற்றொன்று ஃபில்டருக்கும் ப்ளோவருக்கும் நடுவே. இரண்டு இடங்களின் அழுத்த வித்தியாசத்தை அது காட்டும். புத்தம் புதிதாக இருந்த அந்தப் பெரிய எண் ஃபில்டர் மட்டும் 95 பாஸ்கல் (அழுத்தத்தை அளக்கும் அலகு) தின்றது. வீட்டு இயந்திரங்கள் பலவற்றின் பெயர்ப்பலகையில் மொத்தத் தடை 125 பாஸ்கல், அதாவது அரை அங்குல நீர் அழுத்தம் என்றுதான் இருக்கும். அதற்குள் டக்ட், கிரில், பெரும்பாலும் காயில், ஃபில்டர் எல்லாம் அடங்க வேண்டும். ஃபில்டர் ஒன்றே 95ஐ எடுத்துக்கொண்டால் மீதியை எங்கே வைப்பது? அளக்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: டக்டில் துளை போடும்போது உள்ளே காயிலோ மின்கம்பியோ எங்கே இருக்கிறது என்று தெரியாமல் துளைக்காதீர்கள். வருடாந்திர சர்வீஸுக்கு வரும் மெக்கானிக்கிடம் சொன்னால் பத்து நிமிடத்தில் அளந்து கொடுப்பார்.

மோட்டாரும் இதில் சேர்த்தி. பழைய வகை மோட்டாராக இருந்தால் தடை கூடும்போது காற்றின் அளவு குறையும். வேகத்தைத் தானே மாற்றிக்கொள்ளும் புதிய இசிஎம் மோட்டார் காற்றைக் குறையவிடாமல் இன்னும் வேகமாகச் சுற்றும். சத்தமும் மின்சாரச் செலவும் ஏறும். இரண்டிலும் விலை கொடுப்பது நாம்தான்.

நான் கடைசியில் செய்தது, ஃபர்னஸ் பக்கத்தில் 20 × 25 அளவில் நான்கு அங்குலத் தடிமன் ஃபில்டர் வைக்கும் பெட்டி ஒன்றைப் பொருத்தச் சொன்னது. தடிமன் நான்கு அங்குலம் என்பதால் மடிப்புகள் ஆழமாக இருக்கும். மடிப்புகளை எல்லாம் விரித்துப் பார்த்தால் ஒரு அங்குல ஃபில்டரைவிடப் பல மடங்கு பரப்பு வரும். அதே அளவு வடிகட்டும் திறன்தான், ஆனால் மானோமீட்டர் 37 பாஸ்கல் காட்டியது. அன்றிலிருந்து லிமிட் சுவிட்ச் ஒருமுறைகூட விழவில்லை.

இப்போது எண்

பரப்பளவு சரியாக இருக்கிறது என்று தெரிந்த பிறகு எண்ணுக்கு வரலாம். அதிகம் புழங்குவது மெர்வ் எண். ஆஷ்ரே என்ற அமெரிக்க ஏசிப் பொறியாளர் அமைப்பின் 52.2 தரநிலையிலிருந்து வருவது, 1 முதல் 16 வரை. துகள்களை மூன்று கூட்டமாகப் பிரித்துச் சோதிக்கிறார்கள்: 0.3 முதல் 1 மைக்ரான், 1 முதல் 3, 3 முதல் 10. மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஒரு தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரான். இந்த மூன்று கூட்டமுமே கண்ணுக்குத் தெரியாதவை என்பதை நினைவில் வையுங்கள். சூரிய ஒளிக்கீற்றில் மிதந்து தெரிகிற தூசி பெரும்பாலும் இவற்றைவிடப் பெரியது, எந்த ஃபில்டரும் அதைப் பிடிக்கும்.

மெர்வ் 8 என்றால் 3 முதல் 10 மைக்ரான் துகள்களில் குறைந்தது 70 சதவீதம் பிடிபடும். மகரந்தம், பெரிய பூஞ்சை வித்துகள், துணித்தூசி இதில் அடங்கும். காயிலையும் ப்ளோவரையும் காக்க இது தாராளம். மெர்வ் 11இல் 1 முதல் 3 மைக்ரானில் 65 சதவீதம், மிக நுண்ணியவற்றில் 20 சதவீதம். மெர்வ் 13 வந்ததும் அந்த மிக நுண்ணிய 0.3 முதல் 1 மைக்ரான் கூட்டத்தில் குறைந்தது 50 சதவீதம், நடுக்கூட்டத்தில் 85, பெரியவற்றில் 90. புகையும், இருமலில் தெறிக்கும் நுண்துளிகளில் ஒரு பகுதியும் நுண்ணிய கூட்டங்களில்தான் வருகின்றன. 2020இல் கொரோனா பரவியபோது ஆஷ்ரே மெர்வ் 13ஐப் பரிந்துரைத்தது இதனால்தான்.

50 சதவீதம்தானா என்று சலித்துக்கொள்ள வேண்டாம். வீட்டுக்குள் இருக்கும் அதே காற்று திரும்பத் திரும்ப ஃபில்டர் வழியே போகிறது. ஒவ்வொரு சுற்றிலும் மிச்சத்தில் பாதி என்று கழித்துப் பாருங்கள், வேகமாகக் குறையும்.

உங்கள் வீட்டுக்கு எது? என் கருத்தைச் சொல்கிறேன். ஒவ்வாமையோ மூச்சுத் தொல்லையோ யாருக்கும் இல்லை, ஃபில்டர் பள்ளம் சிறியது என்றால் மெர்வ் 8 போட்டு நேரத்துக்கு மாற்றுங்கள், நிம்மதியாக இருக்கலாம். நாய், பூனை இருக்கிறது, மகரந்தக் காலத்தில் தும்மல் வருகிறது என்றால் 11. ஆஸ்துமா, கைக்குழந்தை, காட்டுத்தீப் புகை என்று ஏதாவது இருந்தால் 13. ஆனால் தடிமனான ஃபில்டரில், அல்லது பெரிய பரப்பில். ஒரு அங்குலச் சிறிய பள்ளத்தில் 13ஐத் திணிக்காதீர்கள். என் அனுபவம் அதுதான்.

சில பெட்டிகளில் மெர்வ் இருக்காது, எம்பிஆர் 1500, எஃப்பிஆர் 9 என்று இருக்கும். இவை தனி நிறுவனங்களின் சொந்த அளவுகோல்கள். எம்பிஆர் என்பது 3எம் நிறுவனத்துடையது, எஃப்பிஆர் ஹோம் டிப்போவுடையது. பெட்டியின் ஓரத்திலேயோ பின்புறத்திலேயோ பெரும்பாலும் மெர்வும் சிறிய எழுத்தில் இருக்கும், அதைத் தேடிப் படியுங்கள். வேறு பல நாடுகளில் 2016இல் வந்த ஐஎஸ்ஓ 16890 முறை புழங்குகிறது. அதில் இபிஎம்1 என்று போட்டு ஒரு சதவீதம் கொடுப்பார்கள். 1 மைக்ரானும் அதற்குக் கீழேயும் இருக்கும் துகள்களில் எத்தனை சதவீதம் பிடிபடும் என்பது அது. படித்தவுடன் புரிவதால் எனக்கு இந்த முறைதான் பிடிக்கும்.

சல்லடை அல்ல

ஃபில்டரைச் சல்லடை என்று நினைத்தால் சில விஷயங்கள் புரியாமலே போகும். இழைகளுக்கு இடையே இருக்கும் இடைவெளி, பிடிபடும் துகளைவிடப் பல மடங்கு பெரியது. பெரிய துகள் காற்றோடு வளைந்து திரும்ப முடியாமல் நேராகப் போய் இழையில் மோதி ஒட்டிக்கொள்கிறது. நடுத்தரமானது இழையை உரசிக்கொண்டு போகும்போது மாட்டுகிறது. மிகச் சிறியது நேராகவே போகாது. காற்று மூலக்கூறுகள் இடித்து இடித்து அங்கும் இங்கும் அலைந்து எப்படியும் ஒரு இழையில் போய் முட்டும். அதிகம் தப்பிப்பது நடுத்தரத்துக்கும் மிகச் சிறியதுக்கும் நடுவில், 0.3 மைக்ரான் அளவில் இருப்பதுதான். மிக அடர்த்தியான ஹெப்பா ஃபில்டரை 0.3 மைக்ரானில் 99.97 சதவீதம் என்று சொல்வதும் அதனால்தான். பிடிக்கக் கடினமான அளவிலேயே இவ்வளவு பிடிக்கிறது என்பது அதன் பொருள்.

தடையைக் கூட்டாமல் திறனைக் கூட்ட, பல மடிப்பு ஃபில்டர்களின் இழைகளுக்கு மின்னூட்டம் கொடுத்திருப்பார்கள். அது துகளை இழுத்துக்கொள்ளும். நல்ல யோசனைதான். ஆனால் நுண்ணிய துகள்கள், குறிப்பாகப் புகை, படியப் படிய அந்த மின்னூட்டம் மங்கும்; புதிதில் இருந்த திறன் சில வாரங்களில் குறையும். மெர்வ் எண்ணுக்குப் பக்கத்தில் மெர்வ்-ஏ என்று இன்னொரு எண் போட்டிருந்தால், மின்னூட்டம் போன பிறகும் எவ்வளவு நிற்கும் என்று சோதித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். கிடைத்தால் அதை வாங்குங்கள்.

எதை வாங்க வேண்டாம்

கையை விட்டால் மறுபக்கம் தெரிகிற மெல்லிய கண்ணாடி இழை ஃபில்டர் மெர்வ் 1 முதல் 4 வரைதான். பெரிய குப்பை உள்ளே போகாமல் தடுக்கும், அவ்வளவே. நுரையீரலுக்கு அதனால் எந்த உதவியும் இல்லை. கழுவித் திரும்பப் போடும் ஃபில்டர்களும் பெரும்பாலும் இதே நிலைதான். கழுவியபின் முழுக்கக் காயாமல் மாட்டினால் டக்டுக்குள் பூஞ்சைக்கு நாமே இடம் கொடுத்தது போல ஆகும். பணம் மிச்சம் என்று தோன்றும், எனக்கு ஒத்துவரவில்லை.

வாசனையைப் போக்கும் என்று கறுப்பு நிறத்தில் வரும் கார்பன் ஃபில்டரில், ஒரு அங்குலத் தடிமனுக்குள் தூவியிருக்கும் கார்பன் மிகக் கொஞ்சம். சீக்கிரம் நிரம்பிவிடும். ஹெப்பாவை வீட்டு டக்டில் நேரடியாக வைக்கவே கூடாது, சாதாரண ப்ளோவரால் அந்தத் தடையைத் தள்ள முடியாது. ஹெப்பா வேண்டுமென்றால் தனியாக நிற்கும் ஏர் ப்யூரிஃபையர் வாங்குங்கள். அம்மாவின் அறையில் ஒன்று வைத்திருக்கிறேன். அதற்கு ஒரு கணக்கு: சாதாரண உயரக் கூரை உள்ள அறை என்றால், பெட்டியில் போட்டிருக்கும் சிஏடிஆர் எண் (நிமிடத்துக்கு எத்தனை கன அடி சுத்தமான காற்று தரும் என்பது) அறையின் சதுர அடியில் மூன்றில் இரண்டு பங்காவது இருக்க வேண்டும். 150 சதுர அடி அறைக்கு 100. அவசரத்துக்கு நீங்களே செய்துகொள்ளவும் வழி இருக்கிறது. 2020இல் ரிச்சர்ட் கோர்ஸியும் ஜிம் ரோசன்தாலும் சொன்ன முறை அது: மெர்வ் 13 ஃபில்டர்கள் நான்கைந்தைப் பெட்டி போல ஒட்டி, மேலே ஒரு சதுர மின்விசிறியை வைத்து, காற்றை ஃபில்டர்கள் வழியே இழுத்து வெளியே விடச் செய்வது. புகை மூட்டமான ஒரு வாரம் முழுக்க எங்கள் கூடத்தில் அது ஓடியது. மைய இயந்திரத்தின் மேல் எல்லாச் சுமையையும் போடாமல், அது தாங்கும் அளவு அதற்கும் மிச்சத்தை இவற்றுக்கும் கொடுப்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

மாற்றும் விதம்

தெர்மோஸ்டாட்டில் நிறுத்துங்கள், பிறகு இயந்திரத்தின் பக்கத்தில் இருக்கும் சுவிட்சையும் அணையுங்கள். ப்ளோவர் முழுக்க நிற்கும்வரை காத்திருங்கள். ஓடும்போது உருவினால் ஃபில்டரில் ஒட்டியிருக்கும் தூசி நேராக உள்ளே போகும். ஆஸ்துமா உள்ளவரை அடுத்த அறைக்கு அனுப்பிவிடுங்கள். மாற்றுகிறவர் முகக்கவசம் போட்டுக்கொள்ளட்டும்.

பழையதை எடுக்கும் முன் அதன் அம்பு எந்தப் பக்கம் காட்டுகிறது என்று பாருங்கள், ஆனால் அதைக் கண்ணை மூடிப் பின்பற்றாதீர்கள். அதுவே தலைகீழாக மாட்டப்பட்டிருக்கலாம். அம்பு காட்ட வேண்டியது காற்று போகும் திசையை, அதாவது ப்ளோவரை நோக்கி. ரிட்டர்ன் கிரில்லில் மாட்டுவதென்றால் அம்பு அறையை விட்டு உள்நோக்கிப் போக வேண்டும். அம்பு அழிந்திருந்தால், மடிப்பு ஃபில்டரின் ஒரு பக்கத்தில் கம்பி வலை இருக்கும். அந்தப் பக்கம் ப்ளோவரைப் பார்க்க வேண்டும். காற்றின் இழுப்பில் மடிப்புகள் வளைந்துவிடாமல் தாங்குவதற்காகத்தான் அந்த வலை.

மெதுவாக, சாய்க்காமல் உருவி, அங்கேயே ஒரு குப்பைப் பையில் போட்டு வாயைக் கட்டுங்கள். தட்டிப் பார்க்க வேண்டாம். காகித ஃபில்டரை வாக்குவம் போட்டுத் திரும்ப மாட்டவும் வேண்டாம், மடிப்பின் ஆழத்தில் இருப்பது வராது, இழையும் கிழியும். காலியான பள்ளத்தின் உட்புறத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். ஃபில்டரைத் தாண்டிய பக்கத்திலும் தூசி கோடுகோடாக இருந்தால், காற்று ஃபில்டரைச் சுற்றிக்கொண்டு ஓரம் வழியாகப் போகிறது.

இந்த ஓர இடைவெளியைத் தயவுசெய்து அலட்சியம் செய்யாதீர்கள். காற்று எது எளிதோ அந்த வழியில்தான் போகும். ஃபில்டர் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு காற்று ஓரத்தைத் தேடும். விரற்கடை இடைவெளி இருக்கும் பள்ளத்தில் மெர்வ் 13 போடுவதும், கதவைத் திறந்து வைத்துவிட்டு ஜன்னலுக்குக் கொசுவலை அடிப்பதும் ஒன்று. ஓரத்தில் ஒட்டும் ஃபோம் பட்டை வாங்கி, ஃபில்டர் உட்காரும் விளிம்பில் ஒட்டுங்கள். பள்ளத்துக்கு மூடி இல்லையென்றால் அலுமினிய டேப்பால் வாயை மூடுங்கள். துணி போன்ற சாம்பல் நிற டேப் வேண்டாம், சூட்டில் உரிந்துவிடும்.

புதியதை நுழைத்து, மூடியைப் போட்டு, சுவிட்சைப் போடுங்கள். ஒரு நிமிடம் நின்று காது கொடுங்கள். மெல்லிய விசில் சத்தம் வந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது, அல்லது ஃபில்டர் மிக அடர்த்தி. கடைசியாக மார்க்கர் எடுத்துச் சட்டத்தின் ஓரத்தில் தேதி எழுதுங்கள். நினைவில் இருக்கும் என்று நம்ப வேண்டாம், இருக்காது.

எப்போது மாற்றுவது

ஒரு அங்குல ஃபில்டருக்கு ஒன்று முதல் மூன்று மாதம். நான்கு, ஐந்து அங்குலத்துக்கு ஆறு முதல் பன்னிரண்டு மாதம். இது பெட்டியில் இருக்கும் கணக்கு. உங்கள் வீட்டின் கணக்கை நீங்களே கண்டுபிடிக்க வேண்டும். முதல் தடவை மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள். ஒரு போட்டோ எடுத்து வையுங்கள், அடுத்த மாதத்தோடு ஒப்பிடலாம். எங்கள் வீட்டில் நாய் முடி உதிர்க்கும் இரண்டு மாதங்களில் மட்டும் வழக்கத்தைவிடச் சீக்கிரம் அடைக்கிறது.

நிறத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். லேசாகச் சாம்பல் நிறமானது வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். மின்னூட்டத்தை நம்பாத ஃபில்டர் கொஞ்சம் தூசி படிந்த பிறகு புதிதைவிட நன்றாகவே பிடிக்கும், படிந்த தூசியும் வலையாகிவிடுவதால். தினமும் வெள்ளையாக இருக்க வேண்டும் என்று மாதம் இரண்டு முறை மாற்றுவது வீண். மாற்ற வேண்டிய நேரம், மடிப்புகளுக்கு நடுவே பஞ்சு போல அடைத்து, விளக்கைப் பின்னால் பிடித்தால் வெளிச்சம் வராதபோது; அல்லது சட்டம் ப்ளோவர் பக்கம் வளையத் தொடங்கும்போது. மானோமீட்டர் இருந்தால் இன்னும் எளிது, புதிதாக மாட்டிய அன்று காட்டியதைப் போல இரண்டு மடங்கு காட்டினால் மாற்றிவிடுவேன்.

வீட்டில் சுவர் தேய்ப்பது, தரை உடைப்பது போன்ற வேலை நடந்தால் இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. வேலை நடக்கும் பக்கத்து ரிட்டர்ன் கிரில்லை மூடிவிட்டு, முடிந்தால் இயந்திரத்தையே நிறுத்தி வையுங்கள். முடிந்ததும் புது ஃபில்டர். சிமெண்ட் பலகையைத் தேய்த்த தூசி ஒரே நாளில் அடைத்துவிடும். புகை மூட்ட நாட்களுக்குப் பிறகும் அப்படித்தான், பார்க்க நன்றாக இருந்தாலும் மாற்றுங்கள்.

ஃபில்டர் வேலை செய்வது ப்ளோவர் ஓடும்போது மட்டும். மிதமான காலநிலையில் ஏசியும் ஓடாது, ஃபர்னஸும் ஓடாது; மெர்வ் 13 சும்மா உட்கார்ந்திருக்கும். தெர்மோஸ்டாட்டில் ஃபேனை ஆட்டோவிலிருந்து ஆனுக்கு மாற்றினால் தொடர்ந்து வடிகட்டும். சில தெர்மோஸ்டாட்டுகளில் மணிக்கு இத்தனை நிமிடம் என்று வைக்கலாம், எனக்கு அதுதான் பிடித்தது. புழுக்கமான நாட்களில் மட்டும் ஆட்டோவிலேயே விடுங்கள். குளிர்விப்பது நின்ற பிறகும் ஃபேன் ஓடினால் ஈரக் காயிலில் இருக்கும் தண்ணீர் ஆவியாகி வீட்டுக்கே திரும்பி வரும்.

ஸ்ப்ளிட் ஏசி வைத்திருப்பவர்களுக்கு: முன்மூடியைத் தூக்கினால் தெரியும் பிளாஸ்டிக் வலைதான் ஃபில்டர். இரண்டு வாரம் முதல் ஒரு மாதத்துக்குள் ஒருமுறை கழற்றி, பின்பக்கத்திலிருந்து வெதுவெதுப்பான தண்ணீர் விட்டுக் கழுவி, நிழலில் முழுக்கக் காயவைத்து மாட்டுங்கள். வெயிலில் வைத்தால் சட்டம் வளையும். அது காயிலைக் காக்கும் வலை, நுண்தூசிக்கு அல்ல. நுண்தூசிக்குத் தனி ப்யூரிஃபையர்தான்.

ஏற்கெனவே காயில் உறைந்துவிட்டதென்றால், ஃபில்டரை மாற்றியதும் ஏசியைப் போடாதீர்கள். குளிர்விப்பதை நிறுத்தி ஃபேனை மட்டும் ஆனில் விடுங்கள். பனி முழுக்க உருகச் சில மணி நேரம் ஆகும், கீழே தண்ணீர் வழியும், துணி போட்டு வையுங்கள். கத்தி, ஆணி எதையும் வைத்துச் சுரண்ட வேண்டாம். உருகிய பிறகு நல்ல ஃபில்டரோடு ஓடவிட்டும் மறுபடி உறைந்தால், கோளாறு ஃபில்டரில் இல்லை. கேஸ் குறைந்திருக்கலாம், காயிலே அழுக்கடைந்திருக்கலாம், மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

அடுத்த ஃபில்டரைக் கையிருப்பில் வைத்துக்கொள்வது நல்லது, தீர்ந்த அன்று தேடினால் சரியான அளவு கிடைக்காமல் ஏதோ ஒன்றை வாங்க வேண்டிவரும். நான் இரண்டு வைத்திருப்பேன். பிளாஸ்டிக் உறையைப் பிரிக்காமல், ஈரம் படாத இடத்தில், மேலே கனமான எதையும் வைக்காமல். ஒருமுறை நனைந்த ஃபில்டர் காய்ந்தாலும் சட்டம் நேராக நிற்காது, அதை மாட்ட வேண்டாம்.